பந்து பறிபோன இடங்கள்

முதல் பாதி முடிவதற்குள் மூன்று கோல் வாங்கியிருந்தோம். எனக்குப் பின்னால் நின்றவர் வாயிலிருந்த சிகரெட்டைக்கூட எடுக்காமல் கத்தினார்.

"அந்த ஸ்டாப்பர மாத்துங்க லா! மனுசனா, கோல் கம்பமா அவன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தற்காப்பின் நடுவில் நிற்கும் அந்த ஸ்டாப்பர் என் கணவர். கத்தியவருக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பார். கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடலுக்கு வருகிறவர்கள் வாரம் முழுக்க அடக்கி வைத்ததை அங்கேதான் இறக்கி வைப்பார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டினார். நான் மேருவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் காற்பந்து. அணியில் பெரும்பாலும் துறைமுகத்து ஆட்கள், லோரி ஓட்டுநர்கள், இரண்டொரு குமாஸ்தாக்கள். முந்தைய வருடம்தான் லீக்கின் மேல்பிரிவுக்கு ஏறியிருந்தார்கள். ஏறிய நாளிலிருந்து அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தோற்ற ஞாயிறுகளில் அவர் சாப்பிட உட்காருவார், பாதியில் எழுந்துபோய்க் குழாயடியில் பூட்ஸைத் தேய்ப்பார். ஏற்கெனவே கழுவிய பூட்ஸ்தான். திங்கள் காலை வரை பேச்சு இருக்காது. நானோ நேர்மாறு. மனசு சரியில்லை என்றால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. துணியை மடிப்பேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பேன். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போன வருடம், எங்கள் வீட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் இடையில் நடந்தே தீர்த்திருக்கிறேன். அந்தக் குணம் என்னோடு புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டது.

அவர் மேல் தப்பு இல்லை என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவர் மேல்தான் தப்பு என்று சொல்ல அந்தச் சிகரெட்காரரிடமும் இல்லை, கோல் விழும்போதெல்லாம் கடைசியாகப் பக்கத்தில் நின்றவர் இவர் என்பதைத் தவிர. இது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

தொழிற்சாலையில் என் வேலை ஓட்டை பார்ப்பது. கையுறையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவோம். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தண்ணீர் முத்தாகக் கசிந்து நிற்கும். அந்தக் கையுறையைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். பயிற்சி வகுப்பில் வேறு மாதிரி சொன்னார்கள். ஒரு தாளில் கையின் படத்தை வரைந்துகொண்டு, ஒவ்வொரு ஓட்டையும் எங்கே இருந்ததோ அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாள் முழுக்க வைத்தால் புள்ளிகள் எங்காவது கூட ஆரம்பிக்கும். விரல் இடுக்குகளில் கூடினால் ரப்பர் பாலில் காற்றுக் குமிழி. ஒரே விரல் நுனியில் கூடினால் ஏதோ ஒரு பீங்கான் அச்சில் கீறல். ஓட்டை கண்ணில் படுவது கடைசி மேசையில்தான். அது உண்டானது எங்கேயோ முன்னால்.

மூன்று கோல் வாங்கியதற்கு மறுநாள், அப்படிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. திடலில் எல்லாரும் கோல் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் பந்து எங்கே நம்மிடமிருந்து போனது என்று யாராவது பார்க்கிறோமா?

அடுத்த ஞாயிறு, தொழிற்சாலையில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில் திடலை வரைந்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எடுத்துப் போனேன். முதல் முயற்சி உருப்படவில்லை. கோல் விழுந்தால் மட்டும் குறிப்பது என்று வைத்திருந்தேன். அன்றைக்கு இரண்டு கோல் விழுந்தது, இரண்டு புள்ளி. இரண்டு கையுறையைச் சோதித்துவிட்டு ஒரு லோரிச் சரக்குக்குத் தீர்ப்பு எழுத முடியுமா? கோல் என்பது அரிதாக நடப்பது. அதை மட்டும் எண்ணினால் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தாலும் எதுவும் தெரியாது.

அதற்கடுத்த வாரம், எதிரணி எங்கள் பெனல்டி பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் குறிப்பது என்று மாற்றினேன். அதிலும் ஒரு சிக்கல். அவர்கள் பெட்டிக்குள் வந்து சேர்வதற்குள், பந்து எங்கே பறிபோனது என்பது எனக்கு மறந்துவிடும். என் கண்ணும் மற்றவர்கள் கண்போல் பந்து பின்னாலேயே ஓடியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பந்தை நாம் இழக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பென்சிலால் மெலிதாக ஒரு புள்ளி, பக்கத்தில் கடைசியாகத் தொட்டவரின் சட்டை எண். அது ஆபத்தில் போய் முடிந்தால் அதே புள்ளியைப் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்குவது. முடியாவிட்டால் அப்படியே விடுவது. இழந்த பந்து எல்லாமே ஆபத்தில்லை. எந்த இடத்தில் இழந்தால் ஆபத்து என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

உட்கார்ந்தால் மறுகோடி தெரியாது. அதனால் கோட்டோரமாக நடந்துகொண்டே குறித்தேன். நடப்பது எனக்கும் தேவையாக இருந்தது. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்கிற அக்கா, "என்னாமா, வீட்டுப் பாடமா?" என்று சிரித்தார். ஓர் இளவட்டம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "ஆன்டி, நாலு நம்பர் எழுதுறீங்களா? எனக்கும் ஒண்ணு போடுங்களேன்" என்றான், நான் லாட்டரிக்கு நம்பர் எழுதுகிறேன் என்று நினைத்து.

என் கணவர் இதைக் கவனிக்க இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆயின. ஒரு நாள் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்கு முன் கேட்டார்.

"கோட்டோரமா நடந்து நடந்து என்ன எழுதுற?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. யாரோ ஒருவர் தன் பக்கம் நிற்கிறார் என்கிற மலர்ச்சி அது. மறுவாரம் துறைமுகத்துக் கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். "என் வொய்ப் கணக்கு எடுக்குறாங்க. யார் மேல தப்புன்னு பேப்பர் சொல்லிடும்." பேச்சு அணி மேலாளர் காதுக்கும் போய்விட்டது. அவர் கிள்ளானில் சொந்தமாக லோரிகள் வைத்திருந்தவர். அணிக்குச் சட்டை எடுத்துத் தந்து, ஆட்களைத் திடலுக்கு ஏற்றிப் போய், தோற்றால் திட்டவும் செய்பவர். எல்லாருக்கும் அவர் அங்கிள்.

"எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டுக் கொண்டாம்மா, பாப்போம்" என்று திடலில் என்னிடமே சொன்னார். "யாரத் தூக்கணும்னு எனக்கும் தெரியணும்ல?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் கணவர் ஓவர்டைம் போயிருந்தபோது, அதுவரை சேர்ந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தேன். வெளிச்சம் ஊடுருவியதில் எல்லா ஆட்டத்தின் கறுப்புப் புள்ளிகளும் ஒரே திடலில் தெரிந்தன. மத்தியத் திடலில் யாரோ ஒருவர் அலட்சியமாகப் பந்தைக் கொட்டுகிறார், அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நம்பியிருந்தேன். புள்ளிகள் கூடியிருந்தது மத்தியில்தான், நடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால். ஆனால் பக்கத்தில் எழுதியிருந்த சட்டை எண்கள்? ஐந்து. ஐந்து. ஐந்து. நடுவில் ஒரு எட்டு, ஒரு மூன்று. மறுபடியும் ஐந்து.

ஐந்து என் கணவரின் எண்.

அப்போதுதான் ஆட்டமே எனக்குப் புரிந்தது. பந்து காலுக்கு வந்தால் அவர் தூக்கி அடிப்பார், உயரமாக, தூரமாக. திடலோரத்தில் கைத்தட்டல் கேட்கும். பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழும் இடத்தில் எதிரணி ஆள் ஒருவன் தனியாக நிற்பான், தலையால் வாங்கித் தன் ஆளுக்குக் கொடுப்பான், அடுத்த நிமிடம் அவர்கள் எங்கள் பெட்டிக்குள் இருப்பார்கள். கடைசியில் தடுக்க ஓடுபவரும் இவர்தான். தான் அடித்த பந்தைத் தானே துரத்திக்கொண்டிருந்தார் மனிதர்.

தாள்களை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அங்கே சரியில்லை என்று எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அங்கிருந்தும் எடுத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் கையுறையில் தண்ணீரை வழியவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் தினமும் வேலை விட்டு வந்து, "முடிஞ்சிருச்சா கணக்கு?" என்று கேட்டார், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி. இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கணும் என்று தள்ளிப் போட்டேன். அதற்கு மேல் தள்ள முடியவில்லை. அங்கிள் வாயிலிருந்தா இவர் இதை முதல்முதலாகக் கேட்க வேண்டும்?

குழாயடியில் அவர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"என்னங்க, கோபப்படாம கேளுங்க. கறுப்புப் புள்ளியில பாதிக்கு மேல உங்க நம்பர்தான்."

அவர் நிமிரவில்லை. "அப்பிடின்னா?"

"நீங்க தூக்கி அடிக்கிறது நம்ம ஆளுக்குப் போறதில்ல. அவங்க வாங்கித் திருப்பிக் கொண்டு வர்றாங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பூட்ஸைக் கீழே வைத்தார். "ஸ்டாப்பர மாத்துங்கன்னு நீயும் சொல்ற."

"நான் அப்படிச் சொல்லல."

"பேப்பர் சொல்லுதில்ல?"

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. என் உப்பில்லாத குழம்பைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நான்காம் நாள் காலையில், வேலைக்குக் கிளம்பித் தலைக்கவசத்தை மாட்டியவர், அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சரி, தூக்கி அடிக்கல. யாருக்குக் குடுக்கச் சொல்ற? பந்து என் கால்ல இருக்கும்போது எனக்கு முன்னால யார் நிக்கிறா? அதையும் ஒரு தடவ பாரு."

அது நியாயமான கேள்வி. அதை நான் எண்ணவே இல்லை. பந்து இழந்த இடத்தைப் பார்த்தேனே ஒழிய, அவருக்கு வேறு வழி இருந்ததா என்று பார்க்கவில்லை. அடுத்த ஆட்டங்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அது ஒன்றை மட்டும் பார்த்தேன். ஐந்தின் காலுக்குப் பந்து வரும்போது, கிட்டத்தில் எதிரி ஒட்டாமல் நம் ஆள் ஒருவராவது நின்றால் ஒரு சரி, இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. முதல் பாதிக்கு ஒரு தாள், இரண்டாம் பாதிக்கு இன்னொன்று.

முதல் பாதித் தாளில் சரிகளே அதிகம். ஆள் இருந்தும் இவர் பழக்கத்தில் தூக்கி அடித்திருக்கிறார். இரண்டாம் பாதித் தாள் முழுக்கப் பெருக்கல் குறிகள். தற்காப்புக்கும் மத்தியத் திடலுக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம். அங்கே வந்து நிற்க வேண்டியவர் எட்டாம் எண். எங்கள் கேப்டன்.

கேப்டனைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிள்ளானில் ஒரு வங்கியில் வேலை. பந்து அவர் காலில் பட்டால் சத்தம் போடாது. இந்த அணி மேலே ஏறியதே அவரால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட.

பயிற்சி முடிந்த ஒரு சாயங்காலம், கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து சாப்பாட்டுக் கடையில் அங்கிள், கேப்டன், என் கணவர், நான் நான்கு பேரும் உட்கார்ந்தோம். தே தாரிக் தேநீர் வந்தது. தாள்களை மேசையில் பரப்பினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முதலில் என் கணவரைப் பற்றியதைச் சொன்னேன். அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் முந்திக்கொண்டு, "உண்மதான் அங்கிள், நான் கண்ண மூடிக்கிட்டு அடிக்கிறேன்" என்றார். அடுத்ததை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அண்ணே, செகண்ட் ஹாப்ல நீங்க பின்னாடி வர்றதில்ல. அந்த இடம் காலியா கெடக்கு."

கேப்டன் இரண்டாம் பாதித் தாளை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, "நான் வாறன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். தே தாரிக்கைத் தொடவே இல்லை.

அங்கிள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கெட்டிக்காரிதாம்மா நீ. ஒரே நாள்ல ஸ்டாப்பரும் போச்சு, கேப்டனும் போச்சு. இனிமே திடலுக்கு வந்தா நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போயிரும்மா. புண்ணியமாப் போகும்."

அடுத்த பயிற்சிக்குக் கேப்டன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. என்னால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை, தொழிற்சாலையில் நிற்கவும் முடியவில்லை. தாளில் இருந்தது பொய்யில்லை. பொய்யில்லை என்பதற்காக ஒரு மனிதர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிடலாமா? என் கணவர் நான் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு, "கெளம்பு, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். தாள்கள் என் கைப்பையில் இருந்தன. ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியாது.

கேப்டனின் மனைவி கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது நிம்மதியா எரிச்சலா என்று புரியவில்லை. "வாங்கோ. உள்ளுக்குத்தான் இருக்கிறார்."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்து, இடது காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முழங்காலில் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் வேட்டியை இழுத்து மூடப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அந்த முழங்கால் மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது.

"இப்ப விளங்குதே, பிள்ளை?" என்றார் என்னிடம்.

என் கணவர் உட்காரவே இல்லை. "ஏன் அண்ணே சொல்லல?"

"சொன்னா விளையாட விடுவாங்களே, தம்பி? முதல் பாதி தாங்கும். பிறகு குத்தத் தொடங்கும். முன்னுக்குப் போனா திரும்பி ஓடி வர ஏலாது. அங்கேயே நிண்டிடுவன். பந்து காலுக்கு வந்தா வேலையக் காட்டலாம்தானே, ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சன்." தாள் இருந்த என் பையைப் பார்த்தார். "அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

"அதுக்கு உங்க முட்டி வலி தெரியலண்ணே," என்றேன். "நீங்க வரலங்கறது மட்டுந்தான் தெரிஞ்சுது. ஏன்னு தெரியல. நான் உங்கள வேற மாதிரி நெனச்சிட்டேன்."

அவர் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். டாக்டரிட்டயும் போகமாட்டன் எண்டுறார். நீங்களாவது சொல்லுங்கோ."

கேப்டன் என் பக்கம் திரும்பி, "அந்தப் பேப்பரைத் தாரும்" என்று கையை நீட்டினார். தரையில் விரித்து வைக்கச் சொன்னார். வங்கிக்காரர்கள் கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். வெளியே ரயில் போனது.

"தம்பி, உமக்கு ஓட ஏலும். பந்தைப் பறிக்கத் தெரியும். குடுக்கத்தான் தெரியாது. எனக்குக் குடுக்கத் தெரியும், ஓட ஏலாது." விரலால் இரண்டு இடத்தைத் தொட்டார். "இடத்தை மாத்துவம். நான் பின்னுக்கு வாறன், கடைசி ஆளா. ஓட்டம் குறைவு. பந்து வந்தா அடிக்கமாட்டன், பார்த்துக் குடுப்பன். நீர் எனக்கு முன்னால நில்லும், இந்த வெறும் இடத்தில. வாறவனை அங்கேயே மறியும்."

எனக்கு இது தோன்றவே இல்லை. மாதக்கணக்கில் அந்தத் தாள்களோடு குடித்தனம் நடத்தியும், ஓட்டை எங்கே என்று காட்ட முடிந்ததே தவிர எதை வைத்து அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பார்த்த சில நிமிடங்களில் சொல்லிவிட்டார்.

அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லைதான். "கேப்டன பின்னால போட்டா ஜனங்க என்ன அடிக்க வருவாங்க லா." கேப்டன் தன் முழங்காலைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு அங்கிள் தலையாட்டினார். பிறகு என்னிடம், ஒரு மரியாதைக் குறைவும் இல்லாத குரலில், "நாளைக்கும் பேப்பர் எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார்.

புதிய முறையில் ஆடிய முதல் ஆட்டம் கோலே இல்லாமல் சமமானது. அன்று எங்கள் ஆட்கள் கோப்பை வாங்கியதுபோல் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் பெரிதாக ஜெயித்துவிடவில்லை. சமமாக்கினோம், ஒன்றிரண்டு ஜெயித்தோம், தோற்றாலும் ஒரு கோலில் தோற்றோம். தாளில் கறுப்புப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. நடுக்கோட்டைத் தாண்டி இருந்த கூட்டம் கலைந்துவிட்டது. என் கணவர் தன் புது இடத்தில் வெறி பிடித்தவர்போல் ஓடினார். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. நல்லது நடப்பதையும் நான் கோட்டோரமாக நடந்துகொண்டேதான் பார்த்தேன்.

கடைசி ஆட்டம் பெட்டாலிங் ஜெயாவில், கம்போங் மேடானுக்குப் பக்கத்துத் திடல் ஒன்றில். எதிரணி பூச்சோங்கிலிருந்து வந்தது. சமமாக்கினால் போதும், மேல்பிரிவில் தங்கிவிடலாம். ஆளுக்கொரு கோலோடு ஆட்டம் முடியப் போகிற நேரம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் அணியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கோட்டோரத்தில் நின்று, "தூக்கி அடி! வெளிய அடி!" என்று கத்தினார்கள்.

பந்து கேப்டனிடம் வந்தது. அவர் தூக்கி அடிக்கவில்லை. இத்தனை வாரம் செய்ததுபோலவே பார்த்து, என் கணவர் காலுக்குக் கொடுத்தார். என் கணவர் திரும்பினார். பக்கவாட்டில் நம் ஆள் தனியாக நின்றார், என் கண்ணுக்குத் தெரிந்தது, கொடுங்க என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். கொடுத்தார். ஈரப் புல்லில் பந்து கொஞ்சம் மெதுவாகப் போனது. எதிரணி ஆள் ஒருவன் குறுக்கே பாய்ந்து எடுத்தான். கேப்டன் திரும்பி ஓடப் பார்த்தார். அந்தக் காலால் முடியவில்லை. கோல்.

அதோடு விசில். நாங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அங்கிள் ஆட்களை லோரியில் ஏற்றிவிட்டுப் போகும்போது, "தூக்கி அடிச்சிருக்கலாம்" என்று யாரிடமும் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். கேப்டன் என் பக்கத்தில் வந்து நின்று, என் கணவரின் தோளைத் தட்டிவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தார்.

பெடரல் நெடுஞ்சாலையில் பாதி வழியில் மழை கொட்டியது. பாலத்துக்கு அடியில் மற்ற மோட்டார் சைக்கிள்காரர்களோடு ஒதுங்கினோம். எனக்கு அழுகை வந்தது, மழையில் நனைந்த முகம் என்பதால் மறைக்கத் தேவையிருக்கவில்லை. நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அவர் பழையபடி தூக்கி அடித்திருப்பார், பந்து எங்கேயாவது போயிருக்கும், விசில் ஊதியிருப்பார்கள். இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடைசிப் பந்த எங்க குறிச்ச?" என்று கேட்டார்.

"குறிக்கல."

"ஏன்?"

"மனசு வரல."

"குறி. எனக்காகன்னு விட்டுடாத. அஞ்சுன்னு போடு."

பையிலிருந்து தாளை எடுத்தேன். ஓரம் நனைந்திருந்தது. மோட்டார் சைக்கிள் இருக்கையின் மேல் வைத்து, அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்து, அழுத்திக் கறுப்பாக்கி, பக்கத்தில் ஐந்து என்று எழுதினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் அவருடைய எண்ணோடு இருந்த கறுப்புப் புள்ளி அது ஒன்றுதான். அதை நான் சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டார். மழை விட்டதும் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த சீசன் கீழ்ப்பிரிவில் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். தோற்றோம். இரண்டாவதும் தோற்றோம். அங்கிள், "அந்த பேப்பர கொஞ்ச நாளைக்கு வீட்லயே வை" என்றார். கேப்டன், "கொண்டு வாரும், பிள்ளை" என்றார். கேப்டன் அதற்குள் காலுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆட்டத்தை விட்டிருந்தார். அவர் மனைவிதான் கடைசியில் ஜெயித்தார். இப்போது கேப்டன் கோட்டோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் தாளையும் திடலையும் மாறி மாறிப் பார்த்துக் குரல் கொடுப்பார். மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஜெயிக்க ஆரம்பித்தோம். மறுபடி மேலே ஏற இரண்டு சீசன் ஆனது. ஏறிய அன்று எனக்கு ஏழு மாதம். திடலைச் சுற்றி நடக்க முடியவில்லை. நாசி லெமாக் அக்கா தன் முக்காலியைத் தந்து என்னை வலுக்கட்டாயமாக உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து மறுகோடி தெரியவே இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.